முதல் பாதிப்பிலேயே எம்.ஆர்.ஐ. பார்த்து மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று சொல்லிவிட முடியுமா?

உங்கள் தங்கைக்கு ஒரு கண்ணில் வலியுடன் பார்வை மங்கிப் பின் தேறியதாகவும், மூளை ஸ்கேன் அறிக்கையில் வெண்புள்ளிகள் என்று இருப்பதால் இது மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் என்ற உறையைச் சிதைக்கும் நோய் இது. இத்தகைய படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் கதிரியக்க மருத்துவன் நான். ஒரே ஸ்கேனில் இந்நோயை உறுதிசெய்ய முடிகிற சந்தர்ப்பங்கள் உண்டு. ஆனால் புள்ளிகள் இருப்பது மட்டுமே அதற்குப் போதாது.

நோய் மைய நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களையும், வெவ்வேறு காலங்களிலும் தாக்கியிருக்கிறது என்று காட்டுவதே இந்நோயை உறுதிசெய்வதன் நெடுநாளைய அடிப்படை. முன்பெல்லாம் இதற்காகப் பெரும்பாலும் இரண்டாவது பாதிப்பு வரும்வரை காத்திருந்தார்கள். அந்த இரண்டாவது பாதிப்பின் இடத்தை எம்.ஆர்.ஐ. நிரப்பலாம் என்று நரம்பியல் மருத்துவர் இயன் மெக்டொனால்ட் தலைமையிலான குழு 2001-இல் வகுத்த விதிகள், பிறகு பலமுறை திருத்தப்பட்டன. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மூளைக்குள் திரவம் நிரம்பிய நீரறைகளை ஒட்டிய பகுதி, மூளையின் வெளி அடுக்கான புறணியும் அதை ஒட்டிய பகுதியும், மூளைத்தண்டும் சிறுமூளையும், தண்டுவடம் ஆகிய நான்கில் இரண்டிலாவது புள்ளி இருக்க வேண்டும். காடோலினியம் என்ற, படத்தில் வேறுபாட்டைத் தெளிவாக்கும் மருந்தை ஊசியாகப் போட்டு எடுத்த படத்தில் சில புள்ளிகள் ஒளிர்ந்து, மற்றவை ஒளிராமல் இருந்தால், புதியதும் பழையதும் சேர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். அப்படி இல்லையென்றால், முதுகுத் தண்டு நீரில் ஒலிகோக்ளோனல் பட்டைகள் (எதிர்ப்பொருள் புரதங்களின் தடயங்கள்) தெரிவதும் அந்தக் குறையை ஈடுசெய்யும். ஆகவே மருத்துவர் தண்டு நீர்ப் பரிசோதனை கேட்டால், அது தேவையற்றது என்று தள்ளிவிடாதீர்கள். அண்மைய திருத்தத்தில் கண் நரம்பும் ஐந்தாவது இடமாகச் சேர்ந்துள்ளது.

ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், வயது ஆகியவற்றாலும் வெண்புள்ளிகள் வரும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நீரறைச் சுவருக்குச் செங்குத்தாக நீள்வட்டமாக நிற்கும் புள்ளிக்கும், வெண்பொருளில் ஆங்காங்கே சிதறிய சிறு புள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைப் பாராமல், அறிக்கையில் 'மயலின் சிதைவு' என்று எழுதிவிடுவது நோயாளியின் உறக்கத்தைக் கெடுக்கும் செயல் என்பதே என் கருத்து. உங்கள் தங்கைக்கு வந்ததுபோல் வலியுடன் பார்வையை மங்கச் செய்யும் கண் நரம்பு அழற்சியில் தொடங்கும் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோயும் உண்டு. மல்டிபிள் ஸ்க்லெரோசிஸுக்குத் தரப்படும் இன்டர்ஃபெரான் போன்ற சில மருந்துகள் அந்நோயை மோசமாக்கக்கூடும் என்பதால், அக்வாபோரின்-4, மாக் (MOG) ஆகிய புரதங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள்களுக்கான இரத்தப் பரிசோதனைகள் தேவையா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

புள்ளிகள் இந்நோய்க்குரியவையாகவே இருந்து விதிகள் முழுமையாகப் பொருந்தாவிட்டாலும், அந்த ஸ்கேன் எதிர்காலத்தைப் பற்றிச் சிறிது சொல்லும். அமெரிக்காவில் கண் நரம்பு அழற்சி நோயாளிகளைப் 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், தொடக்க ஸ்கேனில் ஒரு புள்ளியேனும் இருந்தவர்களில் 72 சதவீதத்தினருக்கும், புள்ளியே இல்லாதவர்களில் 25 சதவீதத்தினருக்கும் மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் வந்தது. அதாவது, புள்ளி இருந்தும் நான்கில் ஒருவருக்கு மேல் அந்நோய் வராமலே இருந்தார்கள்.

அறிக்கைத் தாளை மட்டும் கொண்டுபோகாமல், படங்கள் உள்ள குறுந்தகட்டையும் நரம்பியல் மருத்துவரிடம் கொடுங்கள். தண்டுவடத்தையும் ஸ்கேன் செய்ய வேண்டுமா என்று கேளுங்கள். ஸ்கேனுக்கு முன் ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தால் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு புள்ளிகளின் ஒளிர்வைத் தற்காலிகமாக மறைத்துவிடும். இப்போது உறுதிசெய்ய முடியவில்லையென்றால், சில மாத இடைவெளியில் எடுக்கும் அடுத்த ஸ்கேனில் புதிய புள்ளி தோன்றுகிறதா என்று பார்ப்பார்கள்.