ஜாக்கெட்டை அங்கே வாங்காதீர்கள், மற்றபடி எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பில்ஸ் பற்றி மட்டும் சொல்கிறேன்

தம்பி, நீங்கள் கேட்டது நான்கு கேள்வி. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் பஃபலோவுக்குப் படிக்க வருகிறீர்கள். ஆம்ஹர்ஸ்ட் பக்கம் அறை வாடகை எவ்வளவு, குளிர் ஜாக்கெட்டை தி.நகரிலேயே வாங்கிவிடலாமா, நம்மூர் மளிகை கிடைக்குமா. கடைசியாக, “லேப் குரூப்பில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள், எல்லோரும் பில்ஸ், பிளே ஆஃப் என்றே பேசுகிறார்கள், இதையெல்லாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா, இந்த வருஷமாவது ஜெயிப்பார்களா” என்று.

வாடகையை இப்போது படிக்கிற பிள்ளைகளிடம் கேளுங்கள். நாங்கள் வீடு வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, எனக்கு இன்றைய நிலவரம் தெரியாது. மளிகை கிடைக்கும். இரண்டு மணி நேரம் கார் ஓட்டினால் கனடாவின் ஸ்கார்பரோவில் இன்னும் நன்றாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் மாணவர் விசாவை வைத்துக்கொண்டு எல்லைப் பாலமான பீஸ் பிரிட்ஜைத் தாண்ட முடியாது, கனடா விசா தனி. ஒரு பையன் நண்பர்களோடு கொத்து ரொட்டி சாப்பிடக் கிளம்பிப் பாலத்திலிருந்து திரும்பி வந்தான். ஜாக்கெட்டை அங்கே வாங்காதீர்கள். இங்கே வந்து முதலில் பூட்ஸ் வாங்குங்கள், அப்புறம் ஜாக்கெட். நான் 2006 ஆகஸ்டில் இரண்டு ஊட்டி ஸ்வெட்டரோடு வந்து இறங்கியவள் என்பதால் சொல்கிறேன்.

நான்காவது கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியாது.

கல்யாணமாகி நான்காம் மாதம் வந்தேன். டிபென்டென்ட் விசா, வேலை பார்க்கக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. பஃபலோவை ஒட்டிய சீக்டோவாகாவில் ஒரு பழைய மரவீட்டின் மாடி. கணவர் திங்கள் கிளம்பி ராச்செஸ்டர் போனால் வியாழன் இரவுதான் வருவார். கீழே போலிஷ் பாட்டி ஒருவர், தனியாக. எழுபது வயது தாண்டியவர். அவரைப் பார்த்தால் சிரிப்பேன், அவ்வளவுதான். அவர் பேசுகிற ஆங்கிலம் எனக்குப் புரியாது, நான் பேசுவது அவருக்குப் புரியாது.

அக்டோபர் 12, வியாழக்கிழமை. மத்தியானம் பனி விழ ஆரம்பித்தது. வாழ்க்கையில் முதல் பனி, ஜன்னலில் நின்று போட்டோ எடுத்தேன். அந்த ஊரில் அக்டோபரில் அப்படி விழுந்ததே இல்லை என்பது எனக்கு எங்கே தெரியும்? மரங்களில் இலை உதிரவில்லை. ஈரப் பனி, இலை இலையாகப் பிடித்துக்கொண்டது, பாரம் தாங்காமல் கிளைகள் முறிந்தன. ராத்திரி முழுக்கப் படார் படார் என்று சத்தம். எட்டு மணி வாக்கில் கரண்ட் போனது. சாலை மூடிவிட்டார்கள் என்று கணவர் போனில் சொன்னார், பிறகு போனிலும் சார்ஜ் இல்லை. ஸ்வெட்டர் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன், சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே அழுதேன்.

தரையில் டொக் டொக் என்று சத்தம். பாட்டி கீழேயிருந்து விளக்குமாற்றுக் கம்பால் தன் வீட்டுக் கூரையைத் தட்டுகிறார். இறங்கிப் போனேன். கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்திருந்தார். மேசையில் மெழுகுவத்தி, பேட்டரி ரேடியோ. காலையில் பார்த்தால் இரண்டடிப் பனி. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர ஆறு நாள் ஆனது. அந்த ஆறு நாளும் நான் பாட்டி வீட்டில்தான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரேடியோவைத் தூக்கி மேசை நடுவில் வைத்தார். யாரோ கத்துகிறார்கள், எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, காய் மாதிரி வைத்து ஆட்டத்தைக் காட்ட ஏதாவது இருக்கிறதா என்று ஜாடையில் கேட்டார். மேலே போய் ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளைக் கொண்டைக்கடலையும் கறுப்புக் கொண்டைக்கடலையும் எடுத்து வந்தேன். வெள்ளை பதினொன்று எங்கள் ஆட்கள், கறுப்பு பதினொன்று எதிரி. பந்து வேண்டுமே? புளியில் இருந்த ஒரு கொட்டையைப் பிதுக்கிக் கொடுத்தேன். நாலு வாய்ப்பு, பத்து கெஜம். நாலுக்குள் பத்து கெஜம் நகர்த்தினால் மறுபடி நாலு வாய்ப்பு, இல்லாவிட்டால் பந்து அவர்களுக்கு. கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச் டவுன், ஆறு புள்ளி. தாண்ட முடியாது என்று தோன்றினால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று. கெஜம் என்றால் எனக்குத் தெரிந்தது புடவைக் கணக்குதான், அதனால் சட்டென்று பிடிபட்டது.

அன்றைக்கு டெட்ராய்டில் ஆட்டம், 20–17 என்று தோற்றோம். பாட்டி ரேடியோவை அணைத்துவிட்டு, வெள்ளைக் கடலையைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டு என்னிடம் கொடுத்தார். ராத்திரி சுண்டல் செய்து இருவரும் சாப்பிட்டோம்.

அதனால் தம்பி, “தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா” என்று கேட்காதீர்கள். இந்த ஊரில் காலையில் எதிரே வருகிறவரிடம் “கோ பில்ஸ்” என்றால் அது வணக்கம் மாதிரி. பல் டாக்டர் வாயில் கருவியை வைத்துக்கொண்டு ஞாயிறு ஆட்டம் பற்றிக் கேட்பார். பதினெட்டு வருஷமாக இங்கே இருந்துகொண்டு, சனிக்கிழமை பாட்லக்கில் இட்லியைப் பிட்டபடி “அது காட்டுமிராண்டி விளையாட்டு, நின்று நின்று ஆடுகிறான், நடுவில் விளம்பரம்” என்று சொல்கிற நம்மாட்கள் உண்டு. ஒரு ஆட்டமாவது முழுசாகப் பார்த்தீர்களா என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். ஐபிஎல்லில் விளம்பரமே வராதாம்! அவர்களையாவது விட்டுவிடலாம். வருஷமெல்லாம் எட்டிப்பார்க்காமல் ஜனவரி பிறந்ததும் புதுச் சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு “நாம ஜெயிச்சுட்டோம்” என்று வருகிறவர்களை என்னால் பொறுக்க முடியாது. ஒருத்தர் இருக்கிறார், பஃபலோவில் வீடு, பஃபலோவில் வேலை, போடுவது எதிரணி கான்சாஸ் சிட்டியின் சட்டை. கேட்டால் “ஜெயிக்கிற பக்கம் இருக்கணும்” என்கிறார். அவர் வீட்டுக்கு நான் போவதில்லை.

நீங்கள் சென்னை ரசிகர் என்று எழுதியிருக்கிறீர்கள். கோப்பை பார்த்துப் பழகிய மனசு. அதை ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் பெங்களூரு நண்பன் யாராவது இருந்தால் அவனுக்கு எங்களைப் புரியும். அவர்கள் மூன்று முறை பைனலில் தோற்றவர்கள். நாங்கள் நான்கு முறை, அதுவும் அடுத்தடுத்து, 1991 முதல் 1994 வரை. முதல் முறை ஒரே ஒரு புள்ளியில், 20–19. கடைசி நொடிகளில் எங்கள் ஆள் ஸ்காட் நார்வுட் 47 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்துக்கு வலப்பக்கம் போய்விட்டது. மறுநாள் ஊர் திரும்பியபோது நகர மண்டபத்துக்கு முன்னால் கூடிய கூட்டம் அவரைத் திட்டவில்லை, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கை தட்டியது. பாட்டி அந்தக் கூட்டத்தில் நின்றவர். இதைச் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் குரல் கம்மும்.

அப்புறம் பஞ்சம். 2000 ஜனவரிக்குப் பிறகு பதினேழு சீசன் பிளே ஆஃப் வாசலையே மிதிக்கவில்லை. நான் வந்தது அந்தப் பஞ்சத்தின் நடுவில். 2006இல் 7–9, அதாவது ஏழு வெற்றி, ஒன்பது தோல்வி. அடுத்தடுத்த வருஷங்களும் அதே கதைதான். ஒவ்வொரு செப்டம்பரிலும் பாட்டி “இந்த வருஷம்” என்பார், நவம்பரில் பேச்சை நிறுத்திவிடுவார். 2017 மார்ச்சில் போய்ச் சேர்ந்தார். அதே வருஷம் டிசம்பர் 31, எங்கள் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு வேறு ஊர் ஆட்டத்தின் முடிவுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறோம். சின்சினாட்டியின் ஆண்டி டால்ட்டன் கடைசி வாய்ப்பில், பன்னிரண்டு கெஜம் வேண்டிய இடத்தில், 49 கெஜ டச் டவுன் எறிந்து பால்டிமோரைத் தோற்கடித்தார். நாங்கள் உள்ளே! ஊரே டால்ட்டனின் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பியது, பதினேழு வருஷத்துக்குப் பதினேழு டாலர் என்று. நானும் அனுப்பினேன், இரண்டு பேர் கணக்கில்.

சரி, இந்த வருஷம், அதாவது 2024. பந்து பிடிக்கிற நட்சத்திரம் ஸ்டெபான் டிக்ஸை விற்றுவிட்டார்கள், தடுப்பில் மூத்தவர்கள் பலர் போய்விட்டார்கள், இது கட்டியெழுப்புகிற வருஷம் என்று எல்லோரும் எழுதினார்கள். இப்போது 11–3. டிசம்பர் 1ஆம் தேதியே பிரிவுப் பட்டம் கைக்கு வந்துவிட்டது, தொடர்ந்து ஐந்தாவது முறை. அன்றைக்குக் கொட்டுகிற பனியில், எங்கள் அணியில் பந்தை எறிகிற ஜாஷ் ஆலன் எறிந்ததைப் பிடித்தவர், தான் விழுவதற்குள் அதை ஆலனிடமே திருப்பிப் போட, அவர் ஓடிப்போய்க் கோட்டைத் தாண்டினார். தான் எறிந்த டச் டவுனைத் தானே வாங்கியவர்! அடுத்த வாரம் லாஸ் ஏஞ்சலிஸில் ஆலன் மூன்று டச் டவுன் எறிந்து மூன்று தானே ஓடி எடுத்தும் 44–42 என்று தோற்றோம். போன ஞாயிறு டெட்ராய்டில், பதினொரு ஆட்டமாகத் தோற்காத அணியை 48–42. டெட்ராய்ட் எங்களுக்கு இரண்டாவது வீடு. பனியால் 2014இலும் 2022இலும் எங்கள் சொந்த ஊர் ஆட்டத்தையே அங்கே கொண்டுபோய் ஆடினோம். போன ஞாயிறு எனக்கு ஞாபகம் வந்தது என்னவோ கொண்டைக்கடலைதான்.

ஆனால் கணக்குப் பாருங்கள், இரண்டு ஆட்டத்தில் 86 புள்ளி எதிரிக்குக் கொடுத்திருக்கிறோம். அடிப்பதில் குறையில்லை, தடுப்பு ஒழுகுகிறது. டிசம்பரில் இதை மறைக்கலாம், ஜனவரியில் முடியாது. இந்த 2024 சீசன் பயிற்சியாளர் மெக்டெர்மாட் தடுப்பாட்டத்தில் பேர் வாங்கியவர், அதுதான் எனக்கு ஆத்திரம்.

பிளே ஆஃப் எப்படி என்றால், லீக் இரண்டு பக்கமாகப் பிரிந்தது, எங்கள் பக்கம் ஏழு அணி, அந்தப் பக்கம் ஏழு. ஒவ்வொரு பக்கமும் முதலிடம் பிடித்தவனுக்கு மட்டும் முதல் சுற்று ஓய்வு, பைனல் வரை சொந்த ஊர் ஆட்டம். அந்த இடத்தில் கான்சாஸ் சிட்டி உட்கார்ந்திருக்கிறது, 13–1. அந்த ஒரு தோல்வி எங்களிடம் வாங்கியது, 30–21. சமமாக முடிந்தால் நாங்கள்தான் மேலே, ஆனால் மிச்சம் மூன்று ஆட்டத்தில் அவர்கள் இரண்டில் தோற்க வேண்டும். நடக்காது. ஆக இரண்டாமிடம், முதல் சுற்று எங்கள் மைதானம் இருக்கிற ஆர்ச்சர்ட் பார்க்கில் பனியில் ஜெயிப்போம். அடுத்தது பால்டிமோர் வந்தாலும் இங்கே சமாளிப்போம். அதற்கடுத்து கான்சாஸ் சிட்டி.

அங்கேதான் எனக்குத் தொண்டை அடைக்கிறது. நான்கு வருஷமாக வழக்கமான சீசனில் அவர்களை நாங்கள் தோற்கடிக்கிறோம், பிளே ஆஃப் வந்தால் அவர்கள் எங்களைத் தோற்கடிக்கிறார்கள். 2022 ஜனவரியில் பதின்மூன்று நொடி மிச்சம், மூன்று புள்ளி முன்னிலை. பதின்மூன்றே நொடி. அதற்குள் சமன் செய்து, டாஸ் ஜெயித்து, கூடுதல் நேரத்தில் எங்கள் கைக்குப் பந்தே வராமல் முடித்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்று பிளே ஆஃபுக்கு விதியை மாற்றியதே அதற்குப் பிறகுதான். இந்த முறை என்ன ஆகும் என்று கேட்டால், ஆலன் இப்படி ஆடி நான் பார்த்ததில்லை. அவ்வளவுதான் சொல்வேன், மேலே சொன்னால் கண் பட்டுவிடும்.

ஓர் எச்சரிக்கை, இதை மறக்காதீர்கள். பனி கொட்டினால் மைதானத்து இருக்கைகளை வழிக்க ஆள் கூப்பிடுவார்கள், 2024 ஜனவரியில் மணிக்கு 20 டாலரும் சாப்பாடும் கொடுத்தார்கள். கூடப் படிக்கிறவன் “வா, ஜாலியாக இருக்கும்” என்பான். எஃப்-1 மாணவர் விசாவில் வளாகத்துக்கு வெளியே அந்தச் சம்பளத்தைத் தொடக் கூடாது. இன்னொன்று, நீங்கள் இருக்கப்போகிற ஆம்ஹர்ஸ்ட் வடக்கே, மைதானம் தெற்கே. ஈரி ஏரி உறையாமல் வெதுவெதுப்பாக இருக்கும்போது தென்மேற்குக் காற்று அதன் நீளத்துக்கு வந்தால் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து ஒரு பட்டையாகக் கொட்டும். உங்கள் தெருவில் வெயில் அடிக்கும், பதினைந்து மைலில் நாலடி. காரில் போகத் தடை என்று அறிவித்தால் ஆட்டமாவது ஒன்றாவது, வீட்டில் இருங்கள். 2022 கிறிஸ்துமஸ் புயலில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள், சிலர் காருக்குள்ளேயே.

பாட்டியின் மகள் அந்த ரேடியோவை எனக்குக் கொடுத்துவிட்டார். ஹாலில் கணவர் டிவியில் பார்ப்பார், அது நெட் வழியாக வருவதால் அரை நிமிஷம் பின்தங்கும். நான் சமையலறையில் ரேடியோவோடு. நவம்பரில் கான்சாஸ் சிட்டி ஆட்டம், நாலாவது வாய்ப்பு, இரண்டு கெஜம் வேண்டும், ஆலன் தானே பந்தை எடுத்துக்கொண்டு 26 கெஜம் ஓடிவிட்டார். நான் கரண்டியோடு குதிக்கிறேன். ஹாலில் அவர், “இரு, இன்னும் பந்தே எடுக்கலை” என்கிறார்.

உங்கள் ஃபிளைட் எந்தத் தேதி என்று எழுதவில்லையே? 2025 ஜனவரி 11 முதல் 13 வரை முதல் சுற்று. அதில் எங்கள் ஆட்ட நேரத்தில் வந்து இறங்கினால் ஏர்போர்ட்டுக்கு வேறு ஆளைப் பாருங்கள்.