வியன்னா மாநாடு, பாரிஸ் சுற்றுலா: ஷெங்கன் விசா எந்த நாட்டில்?

ஆய்வு மாணவரான நீங்கள், வியன்னாவில் 4 நாள் மாநாடு, பிறகு பாரிஸில் 6 நாள் சுற்றல், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பம் மட்டும் ஆஸ்திரியாவுக்கு என்கிறீர்கள். சிக்கலே இங்கேதான். பயண நோக்கமோ தங்கும் நாள்களோ எந்த நாட்டில் முதன்மையோ, அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் திட்டத்தில் இரண்டும் முட்டிக்கொள்கின்றன. மாநாடு வெறும் சாக்கு என்று அதிகாரிக்குத் தோன்றலாம். பாரிஸை 3 நாளாகக் குறைத்துவிட்டால் கேள்வியே எழாது.

அழைப்புக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர், கட்டுரைத் தலைப்பு, தேதிகள், எந்தச் செலவு யார் பொறுப்பு என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். வழிகாட்டிப் பேராசிரியரின் கடிதத்தை மட்டும் நம்பாதீர்கள். பல்கலைக்கழகத்திடம் தடையில்லாச் சான்றும் வாங்குங்கள். உதவித்தொகை தொடர்கிறது, இன்ன தேதியில் திரும்பிச் சேர வேண்டும் என்ற வரி அதில் முக்கியம். ‘ஊர் திரும்புவாரா’ என்ற சந்தேகத்தில்தான் பல மாணவர் விண்ணப்பங்கள் விழுகின்றன.

அப்பா தரும் பணத்தைக் கடைசி வாரத்தில் உங்கள் கணக்கில் மொத்தமாகப் போடாதீர்கள், கடன் வாங்கிக் காட்டுவதுபோல் இருக்கும். அவருடைய வங்கி அறிக்கையையும் பொறுப்பேற்புக் கடிதத்தையும் நேராகவே வையுங்கள்.

பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாள் முழுவதற்கும். முடிவு வழக்கமாக 15 நாளில் வரும், 45 வரை இழுக்கவும் கூடும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்பதால் தாமதிக்காதீர்கள். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்ய முடியாத டிக்கெட் வேண்டாம்.