பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் ஒரு நாள்: கள ஆய்வு செய்பவர்களுக்குக் கேள்வி பதில்

எம்.எட். மாணவி: ஆறாம் வகுப்புப் பிள்ளைங்ககிட்ட 'டீச்சர் அடிப்பாங்களா'ன்னு கேட்டா, எல்லாரும் 'இல்ல மிஸ்'ங்கறாங்க. எப்படித்தான் கேக்கறது?

அந்தக் கேள்வியை விட்டுவிடுங்கள். பிள்ளைகள் கணக்கில் பிரம்பு பட்டால்தான் அடி. முட்டி போடுவதும் பெஞ்சு மேல் நிற்பதும் 'பனிஷ்மென்ட்'. தலையில் விழும் குட்டு கணக்கிலேயே வராது.

ஐந்தாறு பேர் போதும். ஆண் பிள்ளைகள் தனி, பெண் பிள்ளைகள் தனி. நேரம் ஒரு பீரியட், நாற்பது நிமிடம். ஆசிரியர் அந்த அறைக்குள்ளும் இருக்கக் கூடாது, ஜன்னல் பக்கமும் நிற்கக் கூடாது. ஆளுக்கு ஒரு ஏ4 தாள் கொடுத்துப் பள்ளியை வரையச் சொல்லுங்கள். முதல் தாளில் கொடிக்கம்பமும் பூச்செடியும்தான் வரும், அது உங்களுக்காக வரைந்தது. இரண்டாவது தாள் கொடுத்து, கேட்டிலிருந்து கடைசி மணி வரைக்கும் நேற்று போன வழியை வரையச் சொல்லுங்கள். போகப் பிடிக்கும் இடத்துக்குப் பச்சை, தவிர்க்கும் இடத்துக்குச் சிவப்பு. பக்கத்துத் தாளைப் பார்த்து வரையாதபடி முதுகு திருப்பி உட்கார வையுங்கள். பிறகு சிவப்பைக் காட்டி 'இங்க என்ன நடக்கும்?' என்று கேளுங்கள். 'உனக்கு என்ன நடந்தது?' என்று கேட்டால் வாய் மூடிக்கொள்ளும்.

கடைசியில், வாயால் சொல்லத் தயங்கியதைப் பெயரில்லாமல் எழுதிப் போட ஒரு செருப்பு டப்பா. எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே மாதிரிப் பென்சில். எழுத எதுவும் இல்லாதவர்களும் வெற்றுத் தாளை மடித்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் எழுதியவர் யாரென்று வகுப்பே கண்டுபிடித்துவிடும்.

தொண்டு நிறுவனப் பணியாளர்: ஒப்புதல் படிவத்தில் 'நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்' என்று போடலாமா?

போடவே கூடாது. 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் 19ஆம் பிரிவின்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆய்வாளருக்கு விலக்கு கிடையாது. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. படிவத்தில் இப்படி எழுதுங்கள்: 'உன் பெயரை எழுத மாட்டோம். ஆனா உனக்கோ வேற பிள்ளைக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சா, உன்கிட்ட சொல்லிட்டு, உதவி செய்யறவங்ககிட்ட சொல்லுவோம்.' இதை வாயாலும் சொல்லுங்கள். நடுவில் எழுந்து போகலாம் என்பதையும் சொல்லுங்கள்.

முதலாண்டு ஆய்வாளர்: தலைமை ஆசிரியர் அனுமதி கொடுத்துட்டாரு, போதுமா?

போதாது. மாவட்டக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றோர் கையெழுத்து, பிள்ளையின் சம்மதம் எல்லாம் வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

சமூகப்பணி மாணவர்: என் தலைப்பு கண்காணிப்பு. கேமரா எத்தனை, எங்கே என்று எண்ணினால் போதுமா?

எண்ணுங்கள், ஆனால் அது அரை நாள் வேலை. கேமரா வருவதற்கு ரொம்ப முன்பே கண்காணிப்பு கரும்பலகையின் ஓரத்தில் இருந்தது. 'பேசியவர்கள்' என்று லீடர் எழுதும் பட்டியல். பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி, பிறகு இரண்டு, அதற்கும் மேல் 'அடங்கவில்லை'.

ஆசிரியர் இல்லாத ஒரே பீரியடை ஐந்து பள்ளி நாள் பாருங்கள். போட்டோ எடுக்காதீர்கள், பெயர் குறிக்காதீர்கள். எத்தனை பெயர், எத்தனை குறி, ஆசிரியர் வருவதற்குள் எத்தனை பெயர் அழிந்தது, வந்ததும் என்ன நடந்தது என்று மட்டும் எழுதுங்கள். அழிந்த பெயர்களில்தான் விஷயம் இருக்கிறது. நட்பு, பயம், கைமாறிய தேன்மிட்டாய் எல்லாம் அங்கே இருக்கும். லீடரை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் கேளுங்கள்.

நடுநிலைப் பள்ளி ஆசிரியர்: ஐயா, 45 பிள்ளைங்க, ரெண்டு வகுப்புக்கு ஒரே டீச்சர். லீடர் இல்லாம எப்படி? அதைப் போய் வன்முறைன்னு எழுதினா நாங்கதான் குற்றவாளி ஆவோம்.

பட்டியலே வன்முறை என்று நான் சொல்லவில்லை டீச்சர். பட்டியலுக்குப் பின் நடப்பதைத்தான் குறிக்கச் சொல்கிறேன். நீங்கள் சொன்ன 45 என்ற எண்ணும், அன்றைக்கு எத்தனை ஆசிரியர் வந்தார்கள் என்பதும் அதே தாளில் ஏற வேண்டும். அது இல்லாத ஆய்வு ஆசிரியரை மட்டும் குறை சொல்லி முடிந்துவிடும்.

ஒரு பெற்றோர்: அடியாத மாடு படியாதுங்க. நாங்கல்லாம் அடி வாங்கித்தான் படிச்சோம்.

மாட்டுக்குச் சொன்ன பழமொழி அது. பிள்ளைக்குச் சட்டம் இருக்கிறது: கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17. உடல் தண்டனையும் கூடாது, மன ரீதியான துன்புறுத்தலும் கூடாது. தமிழ்நாட்டின் கல்வி விதிகளில் அதற்கு முன்பே, 2003இல், தடை வந்துவிட்டது.

அதே ஆசிரியர்: சரி ஐயா. ஆனா லீடரும் குழந்தைதானே? அவனைப் பத்தி யாரும் எழுதறதில்லை.

மிகச் சரி. பட்டியல் காலியாக இருந்தால் 'யாருமே பேசலையா?' என்று லீடருக்குத்தான் முதல் குட்டு. ஆகவே லீடரோடு தனியாகப் பேசுங்கள், குழுவில் சேர்க்காதீர்கள். அவன் இருந்தால் மற்றவர்கள் பேச மாட்டார்கள்.

திருநெல்வேலி ஆய்வாளர்: சாதிக் கயிறு (சாதிக்கொரு நிறமாகக் கையில் கட்டுவது) பற்றிப் பிள்ளைகளிடமே கேட்கலாமா?

குழுவில் வேண்டாம். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு நீதிபதி சந்துரு குழு கயிறு, பொட்டு இவற்றையெல்லாம் தொட்டு அறிக்கை கொடுத்தது. அதை முதலில் படியுங்கள். களத்தில், யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள், யார் சோற்றுத் தட்டோடு தனியாகப் போகிறார்கள் என்று வரைபடம் போடுங்கள்.

இன்னொரு மாணவர்: 'ஆசிரியர் அடித்தாரா, ஆம்/இல்லை' என்று 300 பேரிடம் கூகுள் ஃபார்ம் அனுப்பலாமா?

முதல் பதிலைப் படியுங்கள். அப்பா போனில், அம்மா பக்கத்தில் இருக்க நிரப்பும் படிவம் அது. யாருக்கும் தெரியாது என்ற வாக்கையும் அதில் போட்டிருப்பீர்கள். எடுத்துவிடுங்கள்.

ஒருவர்: நாடு தழுவிய எண்ணிக்கை ஏதாவது?

மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் 2007 ஆய்வு. 13 மாநிலங்கள், 12,447 பிள்ளைகள். பள்ளி போகிறவர்களில் 65 சதவீதம் பேர் உடல் தண்டனை வாங்கியதாகச் சொன்னார்கள். பழையது, ஆண்டைச் சேர்த்தே எழுதுங்கள்.

சமூகப்பணி மாணவர்: கேமரா பதிவைக் கேட்டு வாங்கினால் ஆதாரம் வலுவாகாதா?

வேண்டாம். பதிவில் இருக்கும் மற்ற பிள்ளைகள் சம்மதம் தரவில்லை. நீங்கள் தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்து திரை பார்த்ததை ஒரு பிள்ளை பார்த்தால் போதும், மறுநாள் சிவப்புப் பென்சிலை யாரும் தொட மாட்டார்கள்.

ஒரு தாய்: என் மகனை ஸ்கேலால் விரல் கணுவில் அடிக்கறாங்க.

அம்மா, இது ஆய்வுக் கேள்வி இல்லை. இன்றே குழந்தைகள் உதவி எண் 1098க்கோ, பள்ளிக்கல்வித் துறையின் 14417க்கோ கூப்பிடுங்கள். வீக்கம் இருந்தால் அரசு மருத்துவமனையில் காட்டிச் சீட்டு வாங்கி வையுங்கள். மகனிடம் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டாம். அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே ஒரு முறை எழுதி, தேதி போட்டு வையுங்கள்.