பிக்கப் வண்டியின் வீல் பேரிங்: சத்தம் கண்டுபிடிப்பது முதல் நட் இறுக்குவது வரை

கேள்வி: 50 கி.மீ. வேகம் தாண்டியதும் முன்பக்கத்தில் ‘ஊ...ம்’ என்று ஓர் இரைச்சல். வேகம் கூடக் கூட அதுவும் ஏறுகிறது. டயர் சத்தமா, பேரிங் சத்தமா என்று எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆளில்லாத நேர்ச்சாலையில் சத்தம் வரும் வேகத்துக்குப் போய், இன்ஜினை அணைக்காமல் நியூட்ரலில் போட்டு உருளவிடுங்கள். ஆர்பிஎம் (இன்ஜின் சுற்று வேகம்) இறங்கிய பிறகும் சத்தம் தொடர்ந்து, வண்டியின் வேகத்தோடு சேர்ந்து மட்டுமே குறைந்தால், அது சக்கரத்தோடு சுற்றுகிற ஏதோ ஒன்று. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் கேட்டால் டிஃபரன்ஷியலை (ஆக்சிலின் நடுவிலுள்ள கியர் தொகுதி) பாருங்கள்.

டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். சொரசொரப்பான சாலையில் அதிகமாகி, வழவழப்பான புதுத் தாரில் அடங்கிவிடும். பேரிங் சத்தம் எந்தச் சாலையிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். டயரின் முகத்தை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கி, எதிர்த்திசையில் விளிம்பு குத்தினாலோ, இடையிடையே பள்ளம் விழுந்திருந்தாலோ டயர்மேல் சந்தேகம் வைக்கலாம். பட்டன் பெரிதாக உள்ள சேற்று டயர் போட்ட பிக்கப்பில் இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றி ஓட்டுங்கள். சத்தமும் பின்னுக்குப் போனால் டயர்தான் காரணம். பேரிங் வாங்கும் முன் இதை அவசியம் செய்துவிடுங்கள்.

கேள்வி: பேரிங்தான் என்று தெரிந்துவிட்டது. இடதா, வலதா?

பதில்: மிதமான வேகத்தில், பாதுகாப்பான இடத்தில், வண்டியை மெல்ல இடதும் வலதுமாக வளையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது எடை வலது சக்கரத்தில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலது பேரிங், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடது. ஆனால் இதை மட்டும் நம்பிக் கழற்றாதீர்கள். இரட்டை வரிசை பேரிங்கில் எந்த வரிசை தேய்ந்தது என்பதைப் பொறுத்துப் பலன் தலைகீழாகவும் வரலாம். கேபினும் சட்டமும் சத்தத்தைக் கடத்தும் விதத்தில், பின்சக்கரச் சத்தம் முன்னால் கேட்பதும் உண்டு.

உறுதிசெய்ய ஒரு நல்ல வழி: சக்கரத்தைத் தூக்கி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். மறு கை காயில் ஸ்பிரிங்கின் மேலோ நக்கிளின் (ஹப்பைத் தாங்கி, ஸ்டீயரிங்கோடு திரும்பும் பாகம்) மேலோ இருக்கட்டும். கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதில் விழாவிட்டாலும் விரல் நுனியில் நன்றாகத் தெரியும். இரு பக்கமும் செய்து ஒப்பிடுங்கள். இதைக் கையால்தான் சுற்ற வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி, இன்ஜினை ஓட்டி, கியர் போட்டுச் சுற்றவிடுவது உயிருக்கு ஆபத்து.

வெப்பமும் துப்பு தரும். பிரேக்கை அதிகம் தொடாமல் 15–20 கி.மீ. ஓட்டிவிட்டு, அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரே ஆக்சிலின் இரு ஹப்களையும் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் தெளிவாகச் சூடாக இருந்தால் பேரிங்காக இருக்கலாம். விடாமல் பிடித்துக்கொண்ட பிரேக் காலிப்பரும் இதே சூட்டைக் கொடுக்கும் என்பதால், சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா என்று பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

கேள்வி: ஜாக்கி போட்டு ஆட்டினேன், ஆட்டம் இருக்கிறது. மெக்கானிக் பால் ஜாயின்ட் என்கிறார், எனக்குப் பேரிங் என்று தோன்றுகிறது. எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: டயரின் மேல் நுனியையும் கீழ் நுனியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரியும்போதே இன்னொருவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். பிரேக் பிடித்ததும் டிஸ்க்கும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடும், இடையில் இருக்கும் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். ஆட்டம் நின்றால் பேரிங். பிரேக் அழுத்தியும் ஆடினால் பால் ஜாயின்ட், புஷ் அல்லது கிங் பின் போன்ற சஸ்பென்ஷன் மூட்டு. இடது வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டீயரிங் இணைப்பான டை ராடு எண்டைப் பாருங்கள்.

கேள்வி: துளிகூட ஆட்டம் இல்லை, சத்தம் மட்டும் வருகிறது. அப்படியும் பேரிங் கெட்டிருக்குமா?

பதில்: தாராளமாக. சீல் செய்யப்பட்ட ஹப் பேரிங்கில் முதலில் வருவது சத்தம்தான். உருளும் பாதையில் சின்னச் செதில் பெயர்ந்தாலே இரைச்சல் தொடங்கிவிடும். ஆட்டம் வருவது வெகுநாள் கழித்து. டேப்பர் ரோலர் பேரிங்கில் நிலைமை வேறு. அங்கே ஆட்டம் வெறும் நட் தளர்வாகவும் இருக்கலாம். கழற்றிப் பார்த்து, ரோலரும் கப்பும் (ரோலர் உருளும் வெளிவளையம்) கீறலின்றி, நீலம் பாயாமல், ஒரே சாம்பல் பளபளப்பில் இருந்தால் கழுவி, புதுக் கிரீஸ் வைத்து மறுபடி மாட்டலாம்.

கேள்வி: ஏபிஎஸ் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. வளைவில் திரும்பி வந்ததும் முதல் பிரேக் மிதி ஆழமாக இறங்குகிறது. இதற்கும் பேரிங்குக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: இரண்டுக்குமே உண்டு. பேரிங் ஆடும்போது வீல் ஸ்பீடு சென்சாருக்கும் அது படிக்கும் வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி மாறும், சிக்னல் அறுபடும். டிஸ்க் சாய்ந்து பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளுவதால் அடுத்த மிதி ஆழமாகப் போகிறது. சென்சாரை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டாதீர்கள். இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து வந்தால் அன்றே கழற்றிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் வண்டியில் எந்த வகை இருக்கும்? என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்?

பதில்: பிக்கப்பில் பெரும்பாலும் நான்கு அமைப்புகள். பின்சக்கர இயக்க வண்டிகளிலும் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளிலும் முன்னால் ஸ்பிண்டில் (ஹப்பைத் தாங்கும் சுழலாத தண்டு) மேல் உள், வெளி என இரண்டு டேப்பர் பேரிங். புதிய வண்டிகளில் நக்கிளில் 3 அல்லது 4 போல்ட்டில் மாட்டும் முழு ஹப் யூனிட், அல்லது நக்கிளுக்குள் அழுத்தி ஏற்றும் பேரிங். பின்னால் ஆக்சில் ஷாஃப்டோடு வரும் பேரிங். பேரிங் எண் பக்கத்தில் பொறித்திருக்கும், மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல் அந்த எண்ணை ஒப்பிட்டு வாங்குங்கள்.

டேப்பர் வகைக்கு ஒரு சக்கரத்துக்கு 2 கோன் (ரோலர்களோடு வரும் உள்வளையம்), 2 கப், 1 கிரீஸ் சீல், 1 ஸ்ப்ளிட் பின் (நட் கழலாமல் தடுக்கும் ஊசி), கிரீஸ். கோனும் கப்பும் எப்போதும் ஜோடி. புதுக் கோனைப் பழைய கப்பில் ஓட்டினால் பழைய தழும்பு புது ரோலரைத் தின்றுவிடும். ஹப் யூனிட்டுக்குப் புது ஆக்சில் நட்டும் சேர்த்து வாங்குங்கள்.

கேள்வி: டேப்பர் பேரிங் மாற்றும் முறையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா சார்?

பதில்: வண்டி தரையில் நிற்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி எதையும் கழற்றக் கூடாது. காலிப்பரைக் கழற்றிக் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது. டஸ்ட் கேப், ஸ்ப்ளிட் பின், நட், வாஷர் என்ற வரிசையில் எடுத்து, ஹப்பை லேசாக முன்னால் இழுத்தால் வெளிப் பேரிங் கைக்கு வரும். பிறகு ஹப் முழுவதும் வரும். பின்பக்கச் சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங் வெளியே விழும்.

கப்பைத் தட்டி எடுக்க ஹப்பின் உள்ளே எதிரெதிராக இரண்டு வெட்டு இருக்கும். பித்தளைக் கம்பியை அங்கே வைத்து, ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றித் தட்டுங்கள். ஒரே பக்கம் அடித்தால் கப் கோணி, ஹப்பின் துளையைச் சுரண்டிவிடும். பழைய கிரீஸ் முழுவதையும் மண்ணெண்ணெயில் கழுவி நன்றாக உலரவிடுங்கள். கழுவிய பேரிங்கைக் காற்று அடித்துச் சுழற்றாதீர்கள். எண்ணெய்ப் படலம் இல்லாமல் சுழன்றால் உடனே கெடும், கூண்டு உடைந்து ரோலர் தெறிக்கவும் செய்யும்.

இப்போது ஸ்பிண்டிலைப் பாருங்கள். கோன் உட்காரும் இடத்தில் பள்ளமோ நீல நிறமோ இருந்தால், கோன் அதன்மேல் சுழன்றிருக்கிறது அல்லது கடுமையாகச் சூடேறியிருக்கிறது. அப்படியிருந்தால் ஸ்பிண்டிலையும் மாற்ற வேண்டும். பலர் இதைப் பார்க்காமலே புதுப் பேரிங்கை ஏற்றிவிடுகிறார்கள்.

புதுக் கப்பைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சற்றுச் சுருங்கி எளிதாக இறங்கும். பழைய கப்பின் வெளி விட்டத்தைக் கொஞ்சம் அரைத்து அதையே தட்டும் கருவியாகப் பயன்படுத்தலாம். கப் அடியில் போய் உட்கார்ந்ததும் சுத்தியல் ஓசை கனமான ‘டங்’ என்று மாறும். அந்த ஓசை மாறும்வரை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கிரீஸ் எது, எவ்வளவு? ஹப் நிறைய அடைத்தால் நல்லதுதானே?

பதில்: இல்லை, முழுக்க அடைத்தால் கிரீஸ் கடைபட்டுச் சூடேறி, விரிந்து, சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் மேல் வந்துவிடும். டிஸ்க் பிரேக் வண்டிக்கு ஏற்ற, அதிக வெப்பம் தாங்கும் லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ், என்.எல்.ஜி.ஐ 2 கெட்டித்தன்மை. உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, கோனின் அகலமான விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுங்கள். ரோலர்களின் இடையே புகுந்து மறுபக்கம் புழுபுழுவாக வெளிவரும்வரை, சுற்றி முழுவதும். ஹப்பின் உட்குழியில் மூன்றில் ஒரு பங்கு போதும், கப்புகளை ஒட்டி ஒரு வளையமாகப் பூசுங்கள். சீலின் உதட்டிலும் லேசாக. வேறு வகைக் கிரீஸை மேலே கலக்காதீர்கள். சேராத இரண்டு வகை சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

கேள்வி: நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பதில்: டேப்பர் பேரிங்கின் ஆயுள் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை 25–30 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். சுற்றாமல் இறுக்கினால் ரோலர்கள் ஒழுங்காக உட்காராது, நாலு கி.மீ. ஓடியதும் தளர்ந்துவிடும். பிறகு நட்டைக் கால் முதல் அரைச் சுற்றுத் தளர்த்தி, இப்போது விரலால் மட்டும், பிடிக்கும்வரை திருகுங்கள். ஸ்ப்ளிட் பின் துளை பொருந்தாவிட்டால் அடுத்த துளைக்குத் தளர்த்துங்கள், இறுக்கிப் பொருத்த வேண்டாம்.

டயல் கேஜ் இருந்தால் ஹப்பை உள்ளும் வெளியும் தள்ளி அளந்து பாருங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.025 முதல் 0.125 மி.மீ. வரை அசைவு சரி. கையில் உணர முடிகிறதா இல்லையா என்ற அளவுதான் அது. அசைவே இல்லாமல் இறுக்கியது ஓடும்போது சூட்டில் இன்னும் இறுகி, கிரீஸ் கருகி, கடைசியில் கோன் ஸ்பிண்டிலோடு ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் தளர்வாக இருந்தால் சத்தம் போட்டு எச்சரிக்கும், அதிக இறுக்கம் எச்சரிக்காமல் கெடுக்கும். பழைய ஸ்ப்ளிட் பின்னை மறுபடி போடக் கூடாது.

சில ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஒரு நட்டுக்குப் பதில் இரண்டு நட், நடுவில் மடக்கும் வாஷர் இருக்கும். அதற்கு 54 மி.மீ. போன்ற பெரிய சாக்கெட் வேண்டும். உளியால் தட்டி இறுக்காதீர்கள். அங்கே பேரிங்குக்கு லேசான முன்னழுத்தம் (அசைவு இல்லாதபடி சிறு இறுக்கம்) கொடுப்பார்கள், ஹப்பைச் சுற்றத் தேவையான இழுவிசையை ஸ்பிரிங் தராசால் அளப்பார்கள். அந்த அளவை உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். மேலே சொன்ன முறை அதற்குப் பொருந்தாது.

கேள்வி: ஹப் யூனிட்டின் போல்ட் எல்லாம் எடுத்துவிட்டேன், நக்கிளிலிருந்து அசையவே இல்லை அண்ணே.

பதில்: துருதான். முதலில் ஏபிஎஸ் ஒயரைக் கழற்றி ஓரமாக ஒதுக்குங்கள். சுற்றிலும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். பின்பக்க போல்ட்டுகளைச் சில திருகு மட்டும் உள்ளே விட்டு, அவற்றின் தலையில் ஒன்று மாற்றி ஒன்று தட்டுங்கள். ஸ்லைடு ஹாமர் இருந்தால் வேலை எளிது. அலுமினிய நக்கிள் என்றால் அடியில் நிதானம் வேண்டும். ஹப் வந்தபின் நக்கிளின் துளையையும் முகத்தையும் கம்பித் தூரிகையால் வெறும் உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். துருத் துணுக்கு ஒன்று இருந்தாலும் ஹப் கோணலாக உட்காரும், டிஸ்க் நெளிந்தாடும்.

டிரைவ் ஷாஃப்ட் உள்ள பக்கத்தில் ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு இறுக்கிய பிறகே சக்கரம் தரையில் எடை தாங்க வேண்டும். பேரிங்கின் இரு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடிப்பது அந்த நட்டின் இறுக்கம்தான். அது இல்லாமல் வண்டியை ஓரடி உருட்டினால்கூடப் புதுப் பேரிங் கெடலாம். இம்பாக்ட் துப்பாக்கியால் கடைசி இறுக்கம் வேண்டாம்.

கேள்வி: பிரஸ்ஸில் ஏற்றும் பேரிங் மாட்டிய 2,000 கி.மீ.க்குள் மறுபடி சத்தம். பேரிங் போலியா?

பதில்: போலியாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் ஏற்றிய விதத்தைக் கேளுங்கள். நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது அழுத்தம் வெளிவளையத்தில் விழ வேண்டும். ஹப்பைப் பேரிங்குக்குள் ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். மாற்றி அழுத்தினால் விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து, பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அந்தக் குழிகள்தான் பிறகு சத்தம். சுத்தியால் அடித்து ஏற்றினாலும் இதே கதி.

பழைய உள்வளையம் ஹப்பிலேயே தங்கிவிட்டால் கிரைண்டரால் முக்கால் ஆழம் அறுத்து, உளி வைத்து ஓர் அடி அடித்தால் பிளந்துகொள்ளும். ஹப்பில் பிளேடு படக் கூடாது. காந்தச் சென்சார் வகை என்றால் கருநிறக் காந்த முகம் சென்சார் இருக்கும் பக்கம் வர வேண்டும், திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். பிறகு பேரிங்கைப் பிடிக்கும் வளையக் கிளிப்பான சர்க்கிளிப் காடிக்குள் முழுதாக விழுந்ததா என்று பாருங்கள்.

ஏற்றிய விதம் சரி என்றால் வண்டியைப் பாருங்கள். ஆழமான நீரில் இறங்கியதா, வீல் ஸ்பேசர் போட்டோ ரிம் மாற்றியோ சக்கரம் வெளியே தள்ளி நிற்கிறதா, அளவுக்கு மீறிப் பாரம் ஏறுகிறதா? இவை இருக்கும்வரை எந்தப் பேரிங்கும் நிலைக்காது.

கேள்வி: பின் பேரிங் மாற்றச் சொல்கிறார்கள். டிரம்மில் எண்ணெய் ஒழுகியிருக்கிறது.

பதில்: ஆக்சில் சீல் போய்விட்டது. எண்ணெய் குடித்த பிரேக் ஷூவைக் கழுவிப் போடாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள். பேரிங் ஷாஃப்டில் இறுக்கி ஏற்றிய வகை என்றால், பிடிவளையத்தையும் புதிதாகப் போட வேண்டும், பிரஸ் இல்லாமல் நடக்காது. டிஃபரன்ஷியலுக்குள் சி-கிளிப் பிடிக்கும் வகை என்றால், ரோலர்கள் ஷாஃப்டின் மேலேயே நேரடியாக உருளும். அங்கே நகத்தால் வருடிப் பள்ளம் தட்டுப்பட்டால் ஷாஃப்டையும் மாற்ற வேண்டும். ஆக்சிலின் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புதுச் சீலும் ஒழுகும்.

கேள்வி: ஒரு பக்கம் கெட்டால் இரண்டையும் மாற்ற வேண்டுமா?

பதில்: ஹப் யூனிட் என்றால் கெட்டதை மட்டும். டேப்பர் என்றால் மறுபக்கத்தைத் திறந்து, கழுவி, பார்த்து, புதுக் கிரீஸும் புதுச் சீலும் போடுங்கள்.

கேள்வி: சத்தத்தோடு எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

பதில்: லேசான இரைச்சல் மட்டும், ஆட்டமோ சூடோ இல்லை என்றால் பாரமில்லாமல், மெதுவாக, பட்டறை வரை. கையில் ஆட்டம் தெரிந்தாலோ, இரைச்சல் அரைக்கும் சத்தமாக மாறினாலோ, ஹப்பிலிருந்து புகையோ கருகிய கிரீஸ் வாடையோ வந்தாலோ ஓட்டாதீர்கள், இழுத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் சக்கரம் ஹப்போடு கழன்று போகக்கூடும்.

கேள்வி: மாட்டி முடித்த பின் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: கிளம்பும் முன் பிரேக் பெடலை உறுதியாகும்வரை பலமுறை மிதியுங்கள், பேடுகள் பின்னே தள்ளப்பட்டிருக்கும். வீல் நட்டுகளை எதிரெதிராக, கையேட்டு அளவுக்கு இறுக்குங்கள். சில கி.மீ. ஓட்டி, ஹப்பின் சூட்டை மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள். மெல்லிய ‘கிறீச்’ கேட்டால் பெரும்பாலும் டிஸ்க்கின் பின்னுள்ள தகடு வளைந்து உரசுகிறது, விரலால் நிமிர்த்தினால் போதும். 80–100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் சோதியுங்கள். டேப்பர் வகையென்றால் அதே நேரத்தில் சக்கரத்தைத் தூக்கி ஆட்டத்தையும் பாருங்கள். புதுக் கப் முழுதாக உட்காராமல் இருந்திருந்தால் அந்தத் தூரத்துக்குள் தளர்வு தெரிந்துவிடும். அப்போது நட்டை மறுபடி முதலிலிருந்து, அதே முறையில் சரிசெய்து, இன்னொரு புது ஸ்ப்ளிட் பின் போடுங்கள்.