வேனுக்குப் பணம் கட்டும் முன் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்

கேள்வி: ஆனையூரில் இருக்கிறோம். மகனுக்கு ஐந்தரை வயது, ஜூனில் ஒன்றாம் வகுப்பு. பள்ளி தத்தனேரி பக்கம். கணவருக்குக் கப்பலூரில் வேலை, காலை ஆறரைக்கே கிளம்பிவிடுவார். எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும், லைசென்சும் இருக்கிறது. ஆனால் காலை நெரிசல் பயம். ஒருவர் வீடு தேடி வந்து, மாதம் 1,500 ரூபாய்க்கு வேன் ஏற்பாடு செய்கிறேன், மூன்று மாதப் பணத்தை முதலிலேயே கட்டுங்கள் என்கிறார். எதிர்வீட்டு அண்ணன் தன் மகளைக் காரில் அதே பள்ளியில் விடுகிறார், இவனையும் கூட்டிப் போவதாகச் சொல்கிறார். எது நல்லது? பையனோ பள்ளி என்றாலே அழுகிறான்.

பதில்: அந்த மூன்று மாதப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள் அம்மா. மற்றதைப் பிறகு பேசலாம்.

மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மதுரையில் சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு இந்த ஏஜென்ட்கள் தெருத் தெருவாக இறங்கிவிடுவார்கள். அவர்களிடம் சொந்தமாக வண்டி இருக்காது. முப்பது நாற்பது பிள்ளைகளைப் பிடித்து, யாராவது வேன்காரரிடம் தள்ளிவிட்டுக் கமிஷன் எடுப்பார்கள். பணம் கட்டும் நாளில் காட்டுகிற வண்டி ஒன்று, ஜூன் இரண்டாம் வாரம் வாசலுக்கு வருகிற வண்டி வேறு, டிரைவரும் வேறு. கேட்டால் “அந்த வண்டி எஃப்.சி.க்குப் போயிருக்கு” என்பார் (எஃப்.சி. என்றால் வண்டி ஓடத் தகுதியானது என்று தரும் சான்று). முன்பணம் கைக்குப் போன பிறகு நீங்கள் கேள்வி கேட்க முடியாது. அதற்காகத்தான் மூன்று மாதம் கேட்கிறார்கள்.

வேன்தான் வேண்டும் என்றால் டிரைவரையே நேரில் வரச் சொல்லுங்கள். முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. வெள்ளை போர்டு என்றால் சொந்த உபயோக வண்டி, அதில் காசுக்கு ஆள் ஏற்றவே கூடாது. ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் கையை விரிக்க வாய்ப்பு இருக்கிறது. அப்புறம் உங்கள் போனில் எம்-பரிவாகன் செயலியை இறக்கி, வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எந்தத் தேதி வரை என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். டிரைவர் முகம் சுளித்தால் அவர் வேண்டாம்.

பிறகு உள்ளே ஏறி, தரையில் போட்டிருக்கும் ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கூச்சப்படாதீர்கள். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் அதற்குப் பிறகுதான் வந்தன. 2022 மார்ச்சில் சென்னையில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி, இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இறந்தான். முன்னும் பின்னும் கேமரா கட்டாயம் என்ற விதி அதன் பிறகு வந்தது. பிள்ளை போன பிறகுதான் நமக்கு விதி எழுதத் தோன்றுகிறது. ஒவ்வொரு மே மாதமும் மைதானத்தில் பள்ளி வண்டிகளை வரிசையாக நிறுத்தி ஆய்வு செய்கிறோம், பத்திரிகையில் படமும் வருகிறது. ஆனால் அங்கே வந்து நிற்பவை பெரும்பாலும் பள்ளிகளின் சொந்தப் பேருந்துகள். தனியார் வேனும் ஆட்டோவும் அந்தப் பக்கமே வருவதில்லை. மூன்று பேர் உட்காரும் ஆட்டோவில் டிரைவர் முதுகுக்குப் பின்னால் பலகை போட்டுப் பத்துப் பிள்ளைகளை அடைத்து, புத்தகப் பைகளை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டுகிறார்கள். அதே சிக்னலில் ஹெல்மெட் போடாத பெரியவரை நிறுத்தி அபராதம் எழுதுகிறார்கள். இதைப் பற்றி நானே எத்தனையோ கூட்டத்தில் பேசியிருக்கிறேன். பள்ளி “வேன் எங்களுடையது இல்லை” என்கிறது, போலீஸ் எங்களைக் கை காட்டுகிறது, நாங்கள் போலீஸைக் கை காட்டுகிறோம். ஆகவே பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

எதிர்வீட்டு அண்ணன் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், இதில் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அவருடைய காரும் வெள்ளை போர்டுதானே என்று கேட்பீர்கள். ஆமாம். ஆனால் அவர் தன் மகளை விடப் போகிறார், போகிற வழியில் உங்கள் மகனையும் ஏற்றிக்கொள்கிறார், காசு வாங்கவில்லை. அதில் தவறே இல்லை. மாதம் 500 ரூபாய் பெட்ரோலுக்கு என்று நீங்கள் கொடுக்க ஆரம்பித்தால், தெருவில் இன்னும் இரண்டு வீடு சேர்ந்துகொண்டால், அது வாடகை ஓட்டம் போல ஆகிவிடும். கொடுக்காமல் இருக்க மனசு கேட்கவில்லையா? தீபாவளிக்கு அந்தப் பிள்ளைக்குத் துணி எடுத்துக் கொடுங்கள். மாதக் கணக்கு மட்டும் வைக்காதீர்கள். ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அவரால் முடியாத நாளில் யார் ஓட்டுவார்? பதினேழு வயது அண்ணன் மகன் என்றால் வேண்டவே வேண்டாம். பையன் பின்சீட்டில், பெல்ட்டோடு உட்கார வேண்டும். 14 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கும் பெல்ட் கட்டாயம். பெரியவர்கள் பெல்ட் அவன் கழுத்தில் உரசும், அதனால் அடியில் வைக்கும் பூஸ்டர் சீட் ஒன்றை நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, என் யோசனை ஸ்கூட்டிதான். குறைந்தது முதல் மாதம் நீங்களே கொண்டுபோய் விடுங்கள். பயம் போக, பள்ளி திறப்பதற்கு முன் ஒரு வாரம் அதே நேரத்தில் தனியாக ஓட்டிப் பாருங்கள், இருபது நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். பையனை முன்னால் நிற்க வைக்காதீர்கள். திடீர் பிரேக்கில் முகம் போய் ஹேண்டிலில் மோதும், ஆக்சிலரேட்டரையும் திருகிவிடுவான். பின்னால் உட்கார வைத்து, உங்களோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் மாட்டுங்கள். நான்கு வயது வரை அந்தப் பெல்ட் கட்டாயம் என்று 2023 பிப்ரவரியில் விதி நடைமுறைக்கு வந்தது. உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டாலும் தூக்கக் கலக்கத்தில் சாய்கிற பிள்ளைக்கு அது தேவை. நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் சட்டப்படியே கட்டாயம். ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு, தலை அளவுக்கு வாங்குங்கள். பையை அவன் முதுகில் மாட்டாமல் முன்னால் கொக்கியில் மாட்டுங்கள்.

வேனோ காரோ ஸ்கூட்டியோ, இறக்கிவிடும் இடத்தில்தான் கண் வேண்டும். எதிர்ப்பக்கம் நிறுத்தி, “ஓடு ஓடு” என்று ரோட்டைக் கடக்கவிடும் பழக்கம் எல்லாப் பள்ளி வாசலிலும் இருக்கிறது. கேட் இருக்கும் பக்கமே, இடதுபுறம் இறக்குங்கள். இந்த வயதில் வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது என்று பிள்ளைக்குக் கணிக்கத் தெரியாது. வேனின் மூக்குக்கு முன்னால் நின்றால் டிரைவருக்கு அவன் தலையும் தெரியாது. கையைப் பிடித்து ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும்.

அழுகைக்கு நான் நிபுணன் இல்லை, மூன்று பேரப்பிள்ளைகளை விட்டு வந்த அனுபவத்தில் சொல்கிறேன். கண்ணில் படாமல் நழுவி வராதீர்கள், மறுநாள் இரண்டு மடங்கு அழுவான். “சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் விளையாட்டு, பெல் அடித்ததும் நான் கேட்டில் நிற்பேன்” என்று அவனுக்குப் புரிகிற கணக்கில் சொல்லுங்கள், சொன்னபடியே நில்லுங்கள். அம்மா வரவில்லை என்றால் கேட்டுக்கு உள்ளேயே வாட்ச்மேன் தாத்தா பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பழக்குங்கள். உங்கள் போன் நம்பரைப் பாட்டுப் போல மனப்பாடம் செய்ய வையுங்கள். ஒன்றுக்கு வருகிறது என்று டீச்சரிடம் கூச்சமில்லாமல் கேட்கவும், பேன்ட் பட்டனைத் தானே கழற்றவும் இந்த மே மாதத்திலேயே பழக்கிவிடுங்கள். என் பேத்தி ஒரு வாரம் அழுததற்குக் காரணம் அதுதான் என்று எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.