எழுத்தை மாற்றி எழுதும் பையனுக்கு அரசு உதவி உண்டா?

மூன்றாம் வகுப்பு மகன் 'படம்' என்பதை 'மடப்' என்று எழுதுகிறான், வாய்விட்டுக் கேட்டால் சரியாகச் சொல்கிறான் என்கிறீர்கள். முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். இரண்டும் சரி என்றால், வட்டார வள மையத்தின் (பள்ளிகளுக்கு உதவும் வட்டார அளவிலான அரசுக் கல்வி மையம்) சிறப்பாசிரியர், அதாவது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான ஆசிரியர், அவனைப் பார்க்க ஏற்பாடு செய்யும்படி தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னால் மறந்துபோகும்.

இது சலுகை கேட்பதல்ல. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில், இப்படி எழுதப் படிக்கத் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடும் ஒன்று. அதைச் சீக்கிரம் கண்டுபிடித்து, அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளிக்கும் அது பொருந்தும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அதுவரை காத்திருக்காதீர்கள். அப்புறம், கற்றல் குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.