கடலைக் காக்கப் பணம் கட்டிப் போகலாமா?

வணக்கம் ஐயா,

கடல் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவள் நான். வயது 25, மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை. அடுத்த ஆண்டு மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, வெளிநாட்டில் கடல் பாதுகாப்புப் பணியில் தன்னார்வலராகச் சேர நினைக்கிறேன். நான் பார்த்துவைத்திருக்கும் திட்டத்தில் முதல் எட்டு வாரம் ஆமைகள் வரும் கடற்கரையிலும் பவளப்பாறையிலும் வேலை. ஸ்கூபா பயிற்சியும் அதில் அடக்கம். கடைசி நான்கு வாரம் மலையேற்றம், கயாக், காட்டில் கூடாரம் என்று சாகசப் பயணம். இதற்கெல்லாம் அவர்கள் கேட்கும் கட்டணம் என் நான்கு மாதச் சம்பளத்தைவிட அதிகம். விமானச் செலவு தனி.

வீட்டில், "வேலை செய்யப் போகிறவள் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?" என்று கேட்கிறார்கள். தோழி ஒருத்தி இன்னும் கடுமையாகச் சொன்னாள்: "இது ஊர் சுற்றுவதுதான். அதை அப்படிச் சொல்ல வெட்கப்படுகிறவர்கள் சேவை என்று சொல்லிக்கொள்கிறார்கள்." எனக்குப் பதில் வரவில்லை. சாகசப் பகுதிதான் என்னை முதலில் ஈர்த்தது என்பதும் உண்மை. கடலியல் படித்தவள் இல்லை. நீச்சலும் சுமார்தான். என்னைப் போன்ற ஒருத்தி போவதால் கடலுக்கு ஏதாவது பயன் உண்டா? போகலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

போகலாம். அந்தத் திட்டத்துக்கே போக வேண்டுமா என்பதைப் பற்றித்தான் எனக்குச் சில சந்தேகங்கள்.

வீட்டாரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்களுக்குச் சம்பளம் இல்லை என்பதால் உங்களை வைத்துக்கொள்ளும் செலவும் இல்லாமல் போய்விடாது. படகு ஓட எரிபொருள் வேண்டும். உங்களுக்குச் சோறும் படுக்கையும் வேண்டும். பயிற்சி தருகிறவர் தன் வேலையை நிறுத்திவிட்டு வர வேண்டும். முதல் சில வாரம் புதியவர் எந்த முகாமுக்கும் பாரம்தான். 1971-இல் தொடங்கிய எர்த்வாட்ச் அமைப்பு வெளிப்படையாகவே இந்த முறையில் இயங்குகிறது: கள ஆய்வுக்குத் தேவையான பணத்தில் ஒரு பங்கையும் ஆள் பலத்தையும் தன்னார்வலரே கொண்டுவருகிறார். ஆகவே கட்டணம் கேட்பதே மோசடி என்று நினைக்க வேண்டாம். அந்தப் பணத்தில் எவ்வளவு அந்தக் கடற்கரையிலேயே தங்குகிறது, அதனால் உள்ளூர்க்காரர் எத்தனை பேர் ஆண்டு முழுவதும் சம்பளம் வாங்குகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நேர்மையான முகாமாக இருந்தால் நான்கு வரியில் பதில் வரும். வண்ணப்படங்கள் நிறைந்த கையேடு வந்தால் வேறு இடம் பாருங்கள்.

படிப்பில்லாத ஒருவரால் என்ன பயன் என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த நல்ல பதில் ரீஃப் செக் என்ற அமைப்பு. கடல் உயிரியலாளர் கிரெகர் ஹாட்ஜ்சன் 1996-இல் தொடங்கியது. உலகம் முழுவதும் பவளப்பாறைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று அறிய வேண்டும். அத்தனை இடத்திலும் மூழ்கிப் பார்க்க விஞ்ஞானிகள் போதாது. அவர் கண்ட வழி எளிமையானது. பாறைமேல் 100 மீட்டர் நாடாவை விரித்து, அதில் 20 மீட்டர் நீளமுள்ள நான்கு துண்டுகளில் மட்டும் எண்ணுவது. எண்ண வேண்டிய உயிர்களும் பழகியவுடன் எவரும் அடையாளம் காணக்கூடியவை: வண்ணத்துப்பூச்சி மீன், களவா, கிளிமீன், சிங்கி இறால், கடல் அட்டை. 1997-இல் 31 நாடுகளில் முன்னூறுக்கும் மேற்பட்ட பாறைகளில் தன்னார்வலர்களும் விஞ்ஞானிகளும் சேர்ந்து எண்ணினார்கள். பெரும்பாலான பாறைகளில் சிங்கி இறால் ஒன்றுகூட இல்லை. பவளப்பாறைகளின் சீரழிவு ஏதோ சில கரைகளின் பிரச்சினை மட்டும் அன்று என்பதற்கு அந்தக் கணக்கு வலுவான சான்றானது.

அந்தப் பூஜ்யங்களை யார் எழுதினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். உங்களைப் போலவே பணம் செலவழித்து, பெரிய மீன்களைப் பார்க்கும் ஆசையோடு கடலில் இறங்கியவர்கள் அவர்களில் பலர். நாடாவின் முதல் துண்டில் ஒன்றுமில்லை, இரண்டாவதிலும் இல்லை. ஓரத்தில் ஒரு நிழல் ஓடினால் அதைக் களவா என்று குறித்துக்கொள்ளக் கை துடிக்கும். குறிக்காமல் இருப்பதுதான் அங்கே தன்னார்வலரின் வேலை. மறுநாள் அதே ஆழத்தில், அதே நாடாவோடு, அதே பட்டியலைத் திரும்பவும் நிரப்ப வேண்டும். இந்தச் சலிப்பைத் தாங்க முடியுமா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் என்றால் கடலியல் பட்டம் இல்லாததைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எண்ணிய தாள் கடைசியில் எங்கே போகிறது, யார் அதைப் பயன்படுத்துகிறார்கள் என்று மட்டும் முகாமிடம் கேட்டுவிடுங்கள். தன்னார்வலர்களுக்கு வேலை கொடுக்க வேண்டுமே என்பதற்காக எண்ண வைத்து, தாளை அலமாரியில் அடுக்கும் இடங்களும் இருக்கின்றன.

உடல் உழைப்பு மட்டுமே தேவைப்படும் வேலையும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் செஷல்ஸ் நாட்டுக்கு உட்பட்ட அல்டாப்ரா பவளத்தீவில் குடியிருப்பவர்கள் மிகச் சிலரே. ஆனாலும் அதன் கரை முழுவதும் பிளாஸ்டிக். 2019-இல் 12 தன்னார்வலர்கள் ஐந்து வாரம் குனிந்து பொறுக்கி 25 டன் குப்பையை அகற்றினார்கள். எடையில் பெரும்பகுதி மீன்பிடி வலையும் கயிறும். எஞ்சியிருப்பது சுமார் 513 டன் என்று பிறகு ஆய்வுக்கட்டுரையில் கணக்கிட்டார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடைசி எண்ணை மறைக்காமல் வெளியிட்டதுதான். தீவைக் காப்பாற்றிவிட்டோம் என்று கொடி பிடிக்காமல், ஒரு டன்னை அகற்ற எவ்வளவு செலவாகிறது, அதை ஏன் அந்தச் சிறிய நாடு சுமக்க வேண்டும் என்ற கேள்வியை எழுப்பினார்கள்.

ஆமைகளுக்கு வருகிறேன். உங்கள் எட்டு வாரத்தில் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். வேலை என்பது இருட்டில் மணலில் பல கிலோமீட்டர் நடை. வெள்ளை விளக்கு கூடாது, சிவப்பு விளக்கு மட்டும். ஆமை முட்டையிடத் தொடங்கிய பிறகுதான் அருகில் போக வேண்டும். ஓட்டை அளந்து, துடுப்புக்காலில் பழைய உலோகத் தகடு இருக்கிறதா என்று பார்த்து, முட்டைகள் விழ விழ எண்ண வேண்டும், நூறைத் தாண்டும். முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுவதாக இருந்தால் சில மணி நேரத்துக்குள் மாற்றியாக வேண்டும். அதற்குப் பின் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். முட்டையைப் புரட்டினால் இறந்துவிடும். மணலின் வெப்பம்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண். ஆகவே பொரிப்பக மணலில் வெப்பமானி புதைத்திருக்கிறார்களா என்பது நல்ல கேள்வி.

விளம்பரப் படங்களில் உள்ளங்கையில் குஞ்சை ஏந்தியபடி சிரிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் படத்துக்காகக் குஞ்சுகளைத் தொட்டியில் வைத்திருந்து, வெளிச்சமும் விருந்தாளியும் வந்த பிறகு விடும் முகாமைத் தவிர்த்துவிடுங்கள். பொரித்து வெளிவந்ததும் ஆமைக்குஞ்சு ஏறத்தாழ ஒரு நாள் ஓயாமல் நீந்தும். கரையோரத்து வேட்டையர்களைத் தாண்டி ஆழ்கடலுக்குப் போக அந்த வேகம்தான் துணை. தொட்டிக்குள் அது வீணாகத் தீர்ந்துபோகும். திமிங்கலச் சுறாவுக்கும் இதே விதிதான். பிலிப்பைன்சின் ஓஸ்லோப்பில் இரை போட்டு வரவழைத்துக் கூட்டத்துக்குக் காட்டுகிறார்கள். ஆய்வாளர்களோ அதன் பக்கவாட்டுப் புள்ளிகளைப் படமெடுத்து, விண்மீன் படங்களை ஒப்பிடுவதற்காக வானியலாளர்கள் வகுத்த கணக்குமுறையால் ஒவ்வொரு சுறாவையும் தனித்தனியே அடையாளம் காண்கிறார்கள். அதற்கு யார் எடுத்த படமும் உதவும். இரை போட வேண்டியதில்லை, தொட வேண்டியதும் இல்லை.

உங்கள் தோழியின் பேச்சுக்கு என்னிடம் இருக்கும் பதில் சற்றுக் கனமானது. கோஸ்டாரிகாவின் கரீபியன் கரையில் டோர்டுகெரோ என்ற இடத்தில், ஆர்ச்சி கார் 1950களில் தொடங்கிய பேராமை ஆய்வு இன்றும் தொடர்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தன்னார்வலர்கள் அதில் நடந்திருக்கிறார்கள். அதே கரையில் தெற்கே மொயின் கடற்கரை. 2013 மே 30 இரவு ஹைரோ மோரா சாண்டோவல் என்ற 26 வயது உள்ளூர் இளைஞர் ஏழுவரி ஆமைகளின் கூடுகளைக் காக்க அங்கே ரோந்து போனார். உடன் நான்கு வெளிநாட்டுப் பெண் தன்னார்வலர்கள். முகமூடிக் கும்பல் வழிமறித்தது. பெண்கள் உயிர் தப்பினார்கள். மோரா கொல்லப்பட்டார். 2016-இல் நால்வருக்குத் தண்டனை கிடைத்தது.

உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முட்டை திருடுகிறவனுக்கு உங்கள் பெயர்கூடத் தெரியாது. கூடுகளைக் காக்கும் உள்ளூர்க்காரரின் வீடே தெரியும். விடுப்பு முடிந்ததும் நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், பகை அவரோடு அங்கேயே இருக்கும். சேவை என்ற சொல்லுக்கு அந்தக் கரையில் யாராவது உரிமை கொண்டாடலாம் என்றால் அது அவர்தான். நீங்கள் உங்கள் பயணத்தை ஊர் சுற்றுவது என்றே சொல்லிக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. மலையேறும் ஆசையில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அதற்கான காசை அதற்கென்று கொடுங்கள். கடலுக்கான காசு கடலுக்குப் போகட்டும். இரண்டும் ஒரே கட்டணத்தில் கலந்திருப்பதால்தான் எது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியவில்லை.

பவளம் நடுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்றங்காலில் வளர்த்த துண்டுகளைப் பாறையில் ஒட்டுவது பயனுள்ள வேலைதான், ஆனால் அதைப் பற்றிய பேச்சு வேலையைவிடப் பெரிதாகிவிட்டது. 2023 கோடையில் ஃபுளோரிடாக் கடல் கொதித்தபோது, நாற்றங்கால் பவளங்களை அள்ளிக்கொண்டு கரையிலிருந்த தொட்டிகளுக்கு ஓட வேண்டியிருந்தது. அடுத்த ஏப்ரலில் நான்காவது உலகளாவிய பவள வெளிறலை, அதாவது வெப்பத்தால் பவளங்கள் நிறமிழப்பதை, அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு நிறுவனமான நோவா அறிவித்தது. நட்ட துண்டுகளில் ஓராண்டு கழித்து எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று சொல்லும் முகாமை நம்பலாம். எத்தனை நட்டோம் என்று மட்டும் சொன்னால் யோசியுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை உண்மையிலேயே கவலைப்பட வைத்தது அட்டவணை. எட்டு வாரம் கடல், உடனே மலை என்கிறார்கள். ஸ்கூபாவில் ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலின் திசுக்களில் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் கரைந்த வாயு குமிழிகளாகத் திரளும். மூட்டு வலி, மரத்துப்போதல், மோசமானால் கை கால் செயலிழக்கலாம். ஒருமுறை மூழ்கினால் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து மூழ்கியவர்கள் குறைந்தது 18 மணி நேரமும் விமானம் ஏறக் கூடாது என்று மூழ்குவோரின் பாதுகாப்புக்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு அறிவுறுத்துகிறது. விமானம்தானே என்று நினைத்துவிட வேண்டாம். மலைப்பாதையில் ஜீப்பில் ஏறினாலும் உடலுக்கு ஒன்றுதான்; சுமார் 600 மீட்டருக்கு மேல் போகும்போதே இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். காலையில் கடைசியாக மூழ்கி, மதியம் மலையடிவாரத்துக்கு வண்டி ஏற்றும் திட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் திட்டத்தில் கடைசி முறை மூழ்குவதற்கும் மலைக்கும் நடுவே முழுதாக ஒரு நாளாவது இருக்கிறதா, இந்தக் குமிழி நோய்க்குச் சிகிச்சை தரும் உயர் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெரியாதவர்களை நம்பி மூழ்க வேண்டாம்.

நீச்சலை இப்போதே தொடங்கிவிடுங்கள். தொடக்கநிலை ஸ்கூபா சான்றிதழுக்கே 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் சொல்வார்கள். அந்தச் சான்றிதழால் 18 மீட்டர் வரை போகலாம், ஆனால் அது கையில் வந்த மறுநாளே பவளத்தின்மேல் உங்களை இறக்கினால் துடுப்புக் காலணியால் நீங்கள் உடைப்பது நீங்கள் எண்ணுவதைவிட அதிகமாக இருக்கும். அசையாமல் ஒரே மட்டத்தில் மிதக்கப் பழகும்வரை மணல் தரையில் வைத்துப் பயிற்சி தருகிறார்களா என்று பாருங்கள். காது, மூச்சுத் தொல்லை இருந்தால் முன்பே மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். பயணக் காப்பீட்டில் மூழ்குவதும் மலையேற்றமும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று சிறிய எழுத்தையும் படியுங்கள். விசா இன்னொன்று: சம்பளமில்லாத வேலையையும் வேலையாகவே கருதும் நாடுகள் பல. பிரிட்டன்கூடச் சாதாரண வருகையாளர் விசாவில் பதிவுபெற்ற அறக்கட்டளைகளில் மொத்தம் 30 நாள் வரைதான் தன்னார்வப் பணியை அனுமதிக்கிறது. சுற்றுலா விசாவிலேயே வந்துவிடுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள் என்று முகாம் சொன்னால், மாட்டிக்கொள்ளப் போவது நீங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அட்டவணையைத் தலைகீழாக்கித் தர முடியுமா என்று கேட்பேன். மலையும் கயாக்கும் முதல் மூன்று வாரம். பிறகு எஞ்சிய ஒன்பது வாரமும் ஒரே கடற்கரை. நைட்ரஜன் பிரச்சினை நீங்கும், கடைசி விமானத்துக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் போதும். உடம்பும் இறுகியிருக்கும். புதியவராக நீங்கள் பாரமாக இருக்கும் வாரங்கள் போக, உருப்படியாகக் கை கொடுக்கும் வாரங்கள் சிலவாவது அவர்களுக்கு மிஞ்சும். தேதிகளை ஆமைகளின் பருவத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டோர்டுகெரோவில் பேராமைகள் ஜூலை முதல் அக்டோபர் வரை கரையேறும். மற்ற கரைகளுக்கு வேறு மாதங்கள். விடுப்பு விண்ணப்பத்தை அதற்குப் பிறகு எழுதினால் போதும், முன்பணத்தையும்தான்.

அன்புடன்.